உள்ளே குழிந்த பாலித்தீன்

8 ஜனவரி 2025, புதன். இன்று டேங்கைக் கழுவி முடித்தேன். புளி இரண்டு கிலோ, கல்லுப்பு நான்கு கிலோ ஆனது. மூடியை வைத்துப் பன்னிரண்டு போல்ட்டையும் முறுக்கிய பிறகுதான், அடியில் ஒரு சொம்பு தண்ணீர் தேங்கியிருந்தது ஞாபகம் வந்தது. மறுபடி திறக்கச் சொல்ல வெள்ளியங்கிரி அண்ணனிடம் கூச்சமாக இருந்தது. திறக்கவில்லை. சின்னத் தவறு. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து துடைத்துக்கொள்ளலாம்.

எழுதிவிட்டு, ‘சின்னத் தவறு’ என்பதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள் ஆஷா. தவறுக்கெல்லாம் கோடு போடுவது அவள் வழக்கம். வேலம்பாளையத்தில் மாலை வகுப்பில் வெல்டிங் படிக்கிற பதினாலு பேரும் வேலைக் குறிப்பேடு எழுத வேண்டும் என்பது விதி. அன்றாடம் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். மற்ற பதின்மூன்று பேரும் மாசக் கடைசியில் அவளுடையதைப் பார்த்து எழுதினார்கள். அதனால் அவள் செய்த தவறுகளைப் பதினாலு பேரும் செய்ததாகப் பதினாலு நோட்டுகள் சொல்லின.

பகலில் அவளுக்கு நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் கறையோ ஓட்டையோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால், அதைக் காட்டி ஓர் ஆரஞ்சு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஆறு வருஷமாக அம்பு ஒட்டி ஒட்டி, எதைப் பார்த்தாலும் குறை தேடுகிற கண்ணாகிவிட்டது அவளுடையது. அந்தக் கண் அதிகம் பார்த்தது அவளைத்தான்.

டேங்க், அண்ணன் ஆரோக்கியராஜின் பைத்தியம். அவன் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன வருஷம் ஏதோ வெளிநாட்டு வீடியோவில், ரயில் எஞ்சின் மாதிரி ஓர் இரும்பு உருளையைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய், அதற்குள் முழுத் தொடைக்கறியை வைத்துப் பத்து மணி நேரம் புகை போடுவதைப் பார்த்துவிட்டான். “எலும்பத் தொட்டா கையோட வருதுட்டி! பல்லில்லாதவன்கூடத் திம்பான்” என்று ஆறு மாசம் வீட்டில் வேறு பேச்சில்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து நல்லூர் லைன் வீடுகளில் இருக்கிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும், பிப்ரவரி ஒன்பது, மாதா திருவிழா அசனச் சாப்பாட்டுக்குப் புகைவண்டி வந்து நிற்கும் என்று வாக்கும் கொடுத்துவிட்டான்.

இரண்டு தெரு தள்ளி வெள்ளியங்கிரியின் வெல்டிங் பட்டறை. முதல் ஆட்டுத் தொடை தனக்கு என்ற ஒரே கண்டிஷனில் பட்டறையின் பின்பக்கத்தை விட்டுக்கொடுத்தார். பழைய மினி லாரியின் பின் அச்சை வைத்து டிரெய்லர் தயாரானது. அதன் மேல் மூன்றடி விட்டம், ஐந்தடி நீளத்தில் டேங்க் படுத்தது. ஒரு முனையில் விறகுப் பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி, நடு வயிற்றில் கதவு, இனிமேல்தான் வைக்க வேண்டும். படத்தை ஆஷாதான் வரைந்தாள்.

இந்த ஊரில் பழைய டேங்க் வாங்கினேன் என்றால் எவனும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “சாயப்பட்டறை டேங்க்கா?” சாயக்கழிவுத் தொட்டிக்குள் இறங்கி எத்தனை பேர் செத்த கதை கேட்டிருக்கிறார்கள். ஆஷாவின் பட்டியலிலும் அதுதான் முதல் வரி. இது பாய்லருக்குத் தண்ணீர் கொடுத்த டேங்க் என்று பழைய இரும்புக் கடைக்காரர் சொன்னதை அவள் அப்படியே நம்பவில்லை. விற்ற கம்பெனியின் பாய்லர்காரரைத் தேடிப் போய்க் கேட்டாள். வெள்ளைப் பனியன் துணியை உள்ளே முழுக்கத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துருவைத் தவிர எந்த நிறமும் இல்லை. முகர்ந்தாள். வாசனையும் இல்லை. ‘கெமிக்கல்: இல்லை’ என்று எழுதி டிக் போட்டாள்.

அப்புறம் மூன்று சாயங்காலம் மூடி போடுகிற பதினாறு அங்குல ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து, உட்கார்ந்து, கிரைண்டரால் பழைய துருவை எடுத்தாள். சோறு ஆக்குகிற பாத்திரம் மாதிரிதானே என்று, வீட்டில் பித்தளைக் குடத்துக்குச் செய்வதுபோலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். உள்பக்கம் புது சில்வர் தட்டுப் போல மின்னியது. செக்கிங் முடிந்த துணி என்றால் அடுத்து என்ன? பாலித்தீன், டேப், ஸ்டிக்கர். தண்ணீர் வந்துபோன குழாய் ஓட்டைகள் இரண்டிலும் கம்பெனி பாலித்தீன் கவரை இழுத்துக் கட்டி, அட்டைப்பெட்டி டேப்பை நாலு சுற்றுச் சுற்றினாள். தூசி புகக் கூடாது, பல்லி புகக் கூடாது. மூடியின் மேல் ‘செக்டு, ஓகே’ ஸ்டிக்கரும் ஒட்டினாள்.

பொங்கலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, ஷிப்மென்ட் அவசரமெல்லாம் ஓய்ந்து, பட்டறைக்குப் போக வாய்த்தது ஜனவரி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து புதுச் சுடிதாரோடு ஆஷா நேராக அங்கே வந்தாள். அண்ணன் வந்திருந்தான். உதவிக்கு சுரேஷும் வந்திருந்தான். அவன் மாலை வகுப்பில் அவளோடு படிக்கிறவன், மூலனூர்க்காரன், நிட்டிங் மெஷின் ஓட்டுகிறான். ஆள் ஊசி மாதிரி. ஊரையும் உடம்பையும் சேர்த்து வெள்ளியங்கிரி அவனுக்கு வைத்த பேர் முருங்கைக்காய்.

“ஏனுங்க ஆஷா, இங்க வந்து பாருங்க” என்றான் சுரேஷ்.

குழாய் ஓட்டைகளில் கட்டிய பாலித்தீன் இரண்டும், பல்லில்லாத வாய் மாதிரி உள்பக்கமாகக் குழிந்திருந்தன. விரலால் சுண்டினால் டங் என்றது.

“நீங்க பேக்கிங் பண்ணுன பயத்துல டேங்க்கு மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிச்சாட்ட இருக்குது.”

ஆஷாவுக்கு உள்ளூரப் பெருமைதான். காற்றுக்கூடப் புகாத கட்டு! கம்பெனியில் இப்படி ஒருத்தியும் கட்டமாட்டாள். “வேக்யூம் பேக்” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

போல்ட்டெல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை. ஸ்குரூ டிரைவரை விட்டு வெள்ளியங்கிரி நெம்பினார். உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. “ரப்பர் ஒட்டிக்கிச்சு” என்று மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்த ஆஷாவுக்கு மனசு விட்டுப்போனது. மின்னிய இடமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகத் துரு, மஞ்சள்தூள் கொட்டின மாதிரி பூத்துக் கிடந்தது. அந்த ஒரு சொம்புத் தண்ணீர் காய்ந்து அடியில் கறையாக இருந்தது. மூன்று சாயங்காலம் வீண். இன்று நோட்டில் இதற்கும் ஒரு கோடு.

“துரு கெடக்கட்டும்ட்டி, தீ வச்சா அதும் சேந்து கருத்துரும். முதல்ல அந்தக் குழாயக் கழத்து” என்றான் அண்ணன். டேங்குக்குள்ளே ஒரு பழைய குழாய் குறுக்கே ஓடியது. கதவு வெட்டுகிற கோட்டில் அது நின்றது. அதன் நட்டு உள்ளேதான் இருந்தது.

“பத்து நிமிஷம் பொறு. வீட்டுக்குப் போயி பழைய துணி மாத்திட்டு வாறேன்.”

“பத்து நிமிசத்துக்கு ரெண்டு டீ குடிக்கலாமுங்க. நான் போறன்” என்று சுரேஷ் ஸ்பேனரை எடுத்தான். “ஆட்டுத் தொடைல ஒரு கடி எனக்கும் சேத்துங்க, வெள்ளியங்கிரிண்ணா.”

“நீ உள்ள போறதுக்கு ஓட்டையே வேண்டாம்டா முருங்கைக்கா. குழாய் வழியாவே போயிருவ.”

சுரேஷ் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தலையை விட்டு, இடுப்பு வரை நுழைந்தான். கால்கள் வெளியே ஸ்டூலின் மேல் இருந்தன. உள்ளேயிருந்து குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி வந்தது. “எட்டுதுங்க... இருங்க, நட்டு...” அப்புறம் ஸ்பேனர் விழுந்து கணீரென்றது. அவ்வளவுதான்.

மூன்று பேரும் சிரித்தார்கள். பொங்கலுக்கு முன்னால்தான் அவன் டிரெய்லருக்கு அடியில் நாக்கைத் தள்ளிக்கொண்டு படுத்து, வண்டி ஏறிச் செத்ததாகக் காட்டி வெள்ளியங்கிரியை அலறவைத்திருந்தான்.

“டிராமாக் கம்பெனி மறுபடியும் தொறந்தாச்சு” என்றார் வெள்ளியங்கிரி.

ஆஷாவும் சிரித்தாள். நடந்ததையெல்லாம் எழுதுகிறவளால் இதை மட்டும் பிறகு எழுத முடியவில்லை.

சுரேஷின் வலது கால் செருப்பு நழுவி விழுந்தது. பெருவிரல் தளர்ந்து தொங்கியது. நடிக்கிறவனின் விரலில் ஒரு பிடிப்பு இருக்கும். இதில் இல்லை. துணியில் தையல் விட்டதைக் கண்டுபிடிக்கிற அதே கண் அதைக் கண்டது. வாய் திறப்பதற்கு முன் அவள் கை அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“யண்ணே! இழு! இழுண்ணே!”

சட்டை விளிம்பில் மாட்டியது, கிழிந்தது. ஆரோக்கியராஜ் இடுப்பைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். சுரேஷின் உதடு நாவல்பழம் தின்றவனுடையதாக இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. வெள்ளியங்கிரி அவன் கன்னத்தில் அறைந்தார், நெஞ்சைப் பிடித்து உலுக்கினார். “டே! டே மாப்ள! அடேய், எந்திரிச்சர்றா!” இதுவரை முருங்கைக்காய் என்று கூப்பிட்டவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். ஆஷா அவன் முகவாயை நிமிர்த்தினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். எதற்கு எண்ணுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பதினொன்றில், தண்ணீருக்கடியிலிருந்து வருகிறவன் மாதிரி ஒரு மூச்சை இழுத்தான். அந்தச் சத்தத்தில் தெரு நாய் குரைத்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே பேச ஆரம்பித்துவிட்டான். என்ன ஆனது என்று கேட்டால், “ஒண்ணுமே ஆகலீங்க. நட்டப் புடிச்சன். அப்புறம் உங்க மூஞ்சி தெரிஞ்சுது” என்றான். மூச்சு முட்டவில்லை, நாற்றமில்லை, தலை சுற்றவில்லை. காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு இல்லையென்றான். உடனே எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. வெறும் வயிறு, இரும்புச் சூடு, பித்தம். உள்ளே என்ன இருந்தது என்று டாக்டர் கேட்டார். “வெறுந் தண்ணி டேங்க் சார், என் தங்கச்சி மூணு நாளு உள்ளயே உக்காந்து தேச்சா” என்று ஆரோக்கியராஜ் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். எதற்கும் ராத்திரி இருக்கட்டும், காலையில் பார்க்கலாம் என்று டாக்டர் அவனைப் படுக்கவைத்தார்.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தார்கள். ஆரோக்கியராஜ் முகம் கழுவிவிட்டு, “பட்டற தொறந்தே கெடக்கு. பாத்துட்டு வாறேன்” என்று கிளம்பினான்.

ஆஷா நோட்டை எடுத்தாள். தேதி எழுதினாள். காலையிலிருந்து நடந்ததை வரிசையாக எழுதத் தொடங்கினாள். ஒன்று: பாலித்தீன் உள்பக்கம் குழிந்திருந்தது. இரண்டு: மூடி திறக்கும்போது உஸ்ஸென்ற சத்தம். எழுதிவிட்டு நிறுத்தினாள். உஸ்ஸென்றது, ஆனால் முகத்தில் காற்று அடிக்கவில்லையே. அவள் மூடியின் பக்கத்தில்தான் நின்றாள். காற்று வெளியே வரவில்லையென்றால் உள்ளேதான் போயிருக்கிறது.

உள்ளே ஏன் போக வேண்டும்? கட்டும்போது பாலித்தீன் தட்டையாகத்தானே இருந்தது? உள்ளே இருந்த காற்றில் ஒரு பங்கு எங்கே?

நோட்டைத் திருப்பினாள். அக்டோபர் மாசத்துப் பக்கத்தில், அவள் கையெழுத்திலேயே, வகுப்பில் எழுதியது இருந்தது: ‘துருப்பிடித்தல். இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஈரம், உப்பு, புளிப்பு இருந்தால் வேகம் கூடும்.’ பரீட்சையில் இதற்குப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தாள். போன ஒரு மார்க்கை நினைத்து ஒரு வாரம் தூங்கவில்லை.

ஈரம் வைத்தவள் யார்? உப்பு? புளி? பழைய துரு இருந்தாலாவது இரும்பு கொஞ்சம் சும்மா இருந்திருக்கும். அதையும் வழித்து எடுத்து, பசித்த இரும்பாக்கி, காற்றுப் புகாமல் பதினெட்டு நாள் கட்டிவைத்தவள் யார்? அவள் உள்ளே உட்கார்ந்திருந்த மூன்று சாயங்காலமும் ஓட்டை திறந்தே இருந்தது. இன்று திறந்த உடனே சுரேஷ் தலையை விட்டான், வெளிக்காற்று உள்ளே பரவ நேரமே இல்லை. இன்று பழைய துணி கையில் இருந்திருந்தால் முதலில் போயிருப்பவளும் அவள்தான்.

அப்புறம்தான் அண்ணன் எங்கே போனான் என்பது உறைத்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, தூசி விழுமென்று மூடியை மறுபடி எடுத்து வைத்துவிட்டுத்தான் ஓடினாள். அந்த நேரத்திலும்!

போன் போட்டாள். மணி சமையல்கட்டில் அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

செருப்பில்லாமல் இரண்டு தெருவும் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம். தெரு முழுக்க பைக், எல்லோரும் கறிக்கடைக்கும் கோயிலுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டறைக்குள் நுழைந்தபோது ஆரோக்கியராஜ் சட்டையைக் கழற்றி, மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, தோளை ஒருக்களித்து ஓட்டைக்கு நேராகக் குனிந்திருந்தான். வெள்ளியங்கிரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கைலியோடு இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். கைலி கையோடு வந்துவிட்டது.

“ஏட்டி, கோட்டி புடிச்சிருச்சா!” அரை நிக்கரோடு நின்றான் அவன். “பயப்படாத. நாலு புரோட்டா தின்னுட்டுத்தான் வந்திருக்கேன். வயிறு நெறஞ்சு கெடக்கு. எனக்கு மயக்கம் வராது.”

“உள்ள காத்து இல்லண்ணே.”

“அண்டா மாதிரி வாயத் தொறந்து கெடக்கு, காத்து இல்லயாம்.”

“இல்ல. இரும்பு தின்னுட்டு. துரு... துரு தின்னுட்டு. நாந்தான் செஞ்சேன். தண்ணி இருந்துச்சு, தொடைக்காம மூடினேன். உப்பு போட்டேன். நல்லாக் கட்டி வச்சேன்...”

“துரு காத்தத் திங்குமாட்டி?” என்று அவன் வெள்ளியங்கிரியைப் பார்த்துச் சிரித்தான்.

வெள்ளியங்கிரி சிரிக்கவில்லை. அவர் குழாய் ஓட்டையில் கட்டியிருந்த பாலித்தீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்த பிறகும் அதில் குழி அப்படியே இருந்தது. பட்டறையின் முன்பக்கம் போய், கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தியை எடுத்து வந்து, எட்டடிக் கம்பியின் நுனியில் கட்டினார்.

“தீ வேண்டாம்ண்ணா. உள்ள வேற என்ன இருக்குன்னு தெரியாது” என்றாள் ஆஷா.

“நீங்க ரெண்டு பேரும் அக்கட்டால போய் நில்லுங்க, கண்ணு. சுவத்துக்கு அந்தப் பக்கம்.”

அவரும் டேங்குக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, கம்பியை மட்டும் நீட்டினார். சுடர் ஓட்டை வாயில் நன்றாக எரிந்தது. ஒரு முழம் உள்ளே போனதும் குட்டையானது. இன்னொரு முழம். யாரோ ஊதினால் சுடர் சாயும், இது சாயவில்லை. நின்ற நிலையிலேயே சிறுத்து, நீலமாகி, இல்லாமல் போனது.

மறுபடி ஏற்றினார். மறுபடியும் அதே இடத்தில் போனது. மூன்றாம் தடவை ஏற்றாமல் கம்பியைக் கீழே வைத்தார்.

“எங்க ஊட்டுக் கெணத்துல தூரெடுக்க எறங்கறப்ப வெளக்க எறக்கிப் பாக்காம ஒருத்தன் எறங்க மாட்டானுங்க” என்றார், யாரிடமென்று இல்லாமல். “நானே எத்தனவாட்டி எறக்கியிருக்கறன். இது... தரைக்கு மேல, என்ற பட்டறைல, கண்ணு முன்னால கெடக்குதுங்க. இதுக்குள்ள போயி எவன் வெளக்கு எறக்குவான்?” உட்கார இடம் தேடி, கிடைக்காமல், நின்றுகொண்டே இருந்தார். “நாந்தானுங்க அந்தப் பையனக் குழாய் வழியாவே போன்னு சொன்னன்.”

ஆரோக்கியராஜ் கைலியைக் கட்டினான். முடிச்சு நிற்கவில்லை. மறுபடி கட்டினான். அப்புறம் குழாய் ஓட்டைகளில் இருந்த பாலித்தீன் இரண்டையும் கிழித்து எடுத்தான்.

ஆறரைக்கு ஆஷா சுரேஷுக்குப் போன் செய்தாள். முன்னாடியே எழுதிவைத்துக்கொண்டுதான் செய்தாள். இல்லாவிட்டால் பாதியில் மழுப்பிவிடுவாள் என்று அவளுக்கே தன்மேல் சந்தேகம். தண்ணீர், உப்பு, புளி, கட்டு, பதினெட்டு நாள். ஒன்றையும் விடாமல் வாசித்தாள்.

“ஓகோ” என்றான் சுரேஷ். “நாஞ் செத்திருந்தா எம்மேலயும் செக்டு ஓகேன்னு ஒட்டியிருப்பீங்களாட்ட இருக்குது.”

அவன் சிரித்தான். பிறகு நிறுத்தினான்.

“ஏனுங்க ஆஷா. காலைல நீங்க புதுத் துணில வந்திருந்தீங்க.”

“ஆமா.”

“இல்லாட்டி நீங்கதான போயிருப்பீங்க. நீங்க முழுசா உள்ள எறங்கிதான வேல செய்வீங்க. காலு வெளிய இருக்காதுங்களே.” அவன் குரல் இறங்கிவிட்டது. “நாங்க எதப் புடிச்சு இழுத்திருப்பம்?”

அதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. இத்தனை கணக்குப் போட்டும் அது மட்டும் விட்டுப்போயிருந்தது.

போனை வைத்துவிட்டு அவள் நோட்டை எடுத்தாள். எட்டாம் தேதிப் பக்கத்தில் ‘சின்னத் தவறு’ என்பதில் ‘சின்ன’ என்பதை அடித்தாள். கம்பெனி கைப்பையில் மிச்சமிருந்த ஆரஞ்சு அம்பு ஒன்றை அந்த வரிக்கு நேராக ஒட்டினாள். கீழே எழுதினாள்:

26 ஜனவரி 2025, ஞாயிறு. சுரேஷ் உயிரோடு இருக்கிறான். அண்ணன் உயிரோடு இருக்கிறான். டேங்கின் மூடியையும் இரண்டு பாலித்தீனையும் எடுத்தாயிற்று. ஓட்டைக்குக் குறுக்கே கம்பி வைத்து வெள்ளியங்கிரி அண்ணன் வெல்டு செய்துவிட்டார், தலை நுழையாது. இந்த மாசம் என் நோட்டைப் பார்த்து எழுதுகிற பதின்மூன்று பேரும் இந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

நாளை, திங்கள்: காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு இட்லி கொண்டுபோக வேண்டும். டாக்டரிடம், டேங்குக்குள் இருந்த ஆக்சிஜனைத் துரு தின்றுவிட்டது என்று நானே சொல்ல வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்குப் பட்டறை. குழாய் ஓட்டையில் கம்ப்ரஸர் ஹோஸை விட்டு ஒரு மணி நேரம் காற்று அடிக்க வேண்டும். அதன் பிறகு நட்டை வெளியிலிருந்தே, நீளக் கம்பியில் ஸ்பேனரைக் கட்டிக் கழற்ற வேண்டும். யாரும் உள்ளே போகக் கூடாது.